காத்தாயிக்கு ஒரு கட்டில்

செத்து நூற்றைம்பது வருஷமாகிறது என்பதைத் தவிரக் காத்தாயிக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. இருபத்து மூன்று வயது, நல்ல உயரம், எண்ணெய் காணாத தலை, கழுத்தில் சணல் கயிற்றில் கோத்த தகர வில்லை, அதில் 318 என்று ஒரு எண். பெல்மோர்ன் தீவின் கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷம் வேலை செய்ய வேண்டும், ஐந்து முடிந்ததும் கப்பல் வந்து ஊருக்கே திருப்பிக் கொண்டுபோய் விடும் என்று சொல்லிக் காரைக்காலில் அவளிடம் கைநாட்டு வாங்கியிருந்தார்கள்; ஐந்தாவது வருஷத்தின் கடைசி மாதத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள், தோட்டத்து ஓரத்திலேயே புதைத்தார்கள், ஆனாலும் கெடு முடிந்த அன்று காலையில் எழுந்து, தலையை முடிந்து, துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பல்துறைக்கு நடந்து வந்துவிட்டாள், ஏனென்றால் செத்தவர்களுக்குக் கப்பல் கிடையாது என்று அந்தக் காகிதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து வருகிற கப்பலையெல்லாம் பார்த்துக்கொண்டு அங்கேதான் இருக்கிறாள்.

தீவுக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் ஒரு பாதிரியார் வந்து ஜெபித்துத் தண்ணீர் தெளித்தார், அவள் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி முகம் கழுவிக்கொண்டாள், அவரும் சரி போகட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு துறைமுக அதிகாரி முக்காலி கொண்டுவந்து போட்டார், அது புயலில் போனதும் மர நாற்காலி வந்தது, அதுவும் போனதும் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வருகிறவர்கள் அவளுக்கு நேரே 'பயணத்தில் இருப்பவர்' என்று எழுதிக்கொண்டு போவார்கள். நர்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நாடி பிடித்துப் பார்த்து, நாடி இல்லை என்று கண்டு, 'போன வருஷம் போலவே' என்று எழுதிவிட்டுப் போவாள். ஒரே ஒரு தொந்தரவு, பால். ஆறு மாதப் பிள்ளையை அக்காளிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினவள், அவளுக்கு மார் வற்றவே இல்லை, புடவை நனைந்து சொட்டிச் சொட்டி நாற்காலியைச் சுற்றித் தரை வெளுத்திருந்தது, தீவிலுள்ள பூனை அத்தனையும் அங்கேதான் கிடந்தன. வருகிறவர்கள் வழுக்கி விழுந்துவிடக் கூடாதென்று கப்பல் வரும் நாட்களில் அந்த இடத்தைக் கழுவ ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள்.

நாங்கள் போனது உல்லாசக் கப்பலில். நாங்கள் என்றால் டெக்சாஸில் என் மகன் முகுந்தன் இருக்கிற ஊரின் தமிழ்ச் சங்கம், நாற்பத்திரண்டு குடும்பம், கூடவே ஊரிலிருந்து வந்த என்னைப் போன்ற மாமியார்கள், மாமனார்கள், மூன்று பெட்டி முறுக்கு, ஒரு பெட்டி ஊறுகாய். எனக்குச் சௌந்தரவல்லி என்று பெயர், அறுபத்தொரு வயது, கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் முகுந்தன் அறை போட்டிருந்தான், அவர் முழங்கால் வலி என்று கடைசி நேரத்தில் வர மாட்டேன் என்றுவிட்டார், அதனால் இரண்டு கட்டில் போட்ட அறையில் நான் ஒருத்தி படுத்திருந்தேன். கப்பலில் கதவு திறக்க, சாப்பாடு வாங்க, ஏற, இறங்க எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைதான், தொலைத்துவிடக் கூடாதென்று சங்கத் தலைவர் கதிரேசன் எல்லோருக்கும் மஞ்சள் நாடா வாங்கிக் கொடுத்திருந்தார், கிழவர் முதல் கைக்குழந்தை வரை கழுத்தில் அட்டையோடுதான் திரிந்தோம்.

காலை எட்டரைக்குப் பெல்மோர்னில் இறங்கினோம். ஐந்து மணிக்குக் கப்பல் புறப்படும், நாலரைக்குள் ஏறிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கையில் கொடுத்த வரைபடத்தில் ஏழாவது இடமாகக் காத்தாயி இருந்தாள், காத்திருக்கும் பெண், கட்டணம் இல்லை என்று போட்டிருந்தது, கட்டணம் இல்லாத இடத்துக்கு முதலில் போவது என்று நாங்கள் ஏகமனதாக முடிவு செய்தோம்.

அவள் எங்களைப் பார்த்ததும் முகம் மலரவில்லை, வாடிப்போனது. எங்கள் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்து, முகுந்தனின் நாலு வயது மகள் கழுத்தில் கண் நின்றதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

“அடக் கடவுளே, புள்ளைக்குமா நம்பர் போட்டுட்டாங்க?”

தமிழ். நாற்பத்திரண்டு குடும்பமும் அப்படியே நின்றுவிட்டது.

“சீனி சலிக்கிற வேலன்னுதானே சொல்லிக் கூட்டியாந்தாங்க? நம்பாதீங்க, கரும்பு வெட்டுற வேல. தோகை கையக் கிழிச்சுடும், பழந்துணி இருந்தா இப்பவே சுத்தி வச்சுக்கிங்க. மேஸ்திரி தனியாக் கூப்புட்டா பொம்பளைங்க போவாதீங்க, ரெண்டு பேரா போங்க. அஞ்சு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா கப்பலு வந்துரும். எனக்கு வர்ற நேரந்தான், வீட்டுக்குப் போயி எம் புள்ளைக்குப் பால் குடுக்கணும்.”

எங்களையும் தன்னைப் போலக் கூலிக்குப் பிடித்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பனிக்கூழ் நக்கிக்கொண்டு, மூன்று வேளை தின்று நாலாவது வேளைக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு வந்திறங்கிய எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். பெண்கள் அழுதுவிட்டார்கள். நானும் அழுதேன். அந்த அழுகை நிஜம்தான், அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சவாரிக்குக் காத்திருந்த வெராசமி என்ற தீவுக்காரர் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும், பூப்போட்ட சட்டை, தாத்தாவுக்குத் தாத்தா வீராசாமி, அந்தப் பெயர்தான் தேய்ந்து வெராசமி ஆனது, காத்தாயி வந்த அதே கப்பலில் வந்தவராம். அவருக்குத் தமிழ் தெரியாது, மாரியம்மன் கோயிலில் அர்த்தம் தெரியாமல் பாடுகிற ஒரு பாட்டு மட்டும் தெரியும். என்னிடம் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்: “அம்மா, இவள் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா? எங்களிடம் இருந்த மொழி போய்விட்டது. நூறு வருஷமாக இவள் எங்களிடம் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நாங்கள் நாற்காலி கொடுக்கிறோம், குடை கொடுக்கிறோம், மீன் கொடுக்கிறோம், எதுவும் அது இல்லை. என்னதான் கேட்கிறாள்?”

“வீட்டுக்குப் போக வேண்டுமாம்,” என்றேன். “பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமாம்.”

வெராசமி தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பிறகு நேரே போய்க் கப்பல் ஏணியடியில் அட்டை பார்க்கிற அதிகாரி ரோமெலைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

ரோமெல் பிலிப்பைன்ஸ்காரர், ஆறு மாதமாகத் தன் பிள்ளையைத் தொலைபேசியில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறவர். காத்தாயியின் தகர வில்லையைத் திருப்பிப் பார்த்தார், மேலே கேப்டனிடம் பேசினார், பத்து நிமிஷத்தில் ஒரு படிவத்தோடு வந்தார். கப்பலுக்கு ஆட்சேபணை இல்லை. பாஸ்போர்ட் கேட்பது உயிரோடு இருப்பவர்களிடம்தான், இறந்தவர்களுக்கு அஸ்தி கொண்டுபோகிற படிவம் போதும், அதைக் காட்டினால் விமானத்திலும் விடுவார்கள். ஆனால் இவள் நடந்து வருகிற அஸ்தி, ஜாடியில் வைத்து அலமாரியில் ஏற்ற முடியாது, படுக்க ஒரு கட்டில் வேண்டும். ஊழியர் பக்கம் இடமில்லை. அதனால் பயணிகளில் யாராவது ஒருவர் தங்கள் அறை எண்ணை எழுதி, அவள் தங்களுக்கு என்ன உறவு என்ற கட்டத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டால் சரி.

அடேயப்பா, அப்போது நீங்கள் எங்களைப் பார்த்திருக்க வேண்டும். கதிரேசன் கப்பல் கயிறு கட்டுகிற ஒரு தூண் மேல் ஏறி நின்றுகொண்டு, “நூத்தம்பது வருஷமாக் காணாமப் போன நம்ம தங்கச்சி! இது நம்ம சங்கத்துக்குக் கிடைச்ச பாக்கியம்!” என்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினோம், பொங்கல் விழாவில் அவளை மேடையேற்றுவது, படம் போட்ட சட்டை அடிப்பது என்று பேச்சு வளர்ந்தது, எங்க ரூம்ல சோபாவை இழுத்தா கட்டில், எங்க ரூம்ல மேலேருந்து இறக்குற கட்டில், எங்க ரூம்ல பால்கனி இருக்கு, கடலப் பாத்துக்கிட்டே வரலாம் என்று நாலு பெண்கள் படிவத்தைப் பிடித்து இழுத்ததில் அதன் ஒரு மூலை கிழிந்தே போனது. ஒருத்தி அவள் தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்துவிட்டாள். காத்தாயிக்கு விஷயம் மெல்ல விளங்கியது, இது கூலிக்காரக் கப்பல் இல்லை, இதுதான் திருப்பிக் கொண்டுபோகிற கப்பல் என்று விளங்கியதும் அவள் மாரிலிருந்து பால் பீறிட்டு மடியெல்லாம் நனைந்துவிட்டது, பூனைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தன.

அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

“உனக்கு எந்த ஊரும்மா?”

“பூந்துறைமங்கலம்க்கா. காரக்காலுக்கு மேக்க.”

நான் போட்ட கூச்சலில் கப்பல் மேல்தளத்தில் நீந்திக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்திருப்பார்கள். பூந்துறைமங்கலம் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். “எங்க ஊரு! எங்க ஊரு!” என்று குதித்தேன், முகுந்தன் என்னைப் படம் பிடித்தான், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்தக் கை சில்லென்று இருந்தது. சந்தோஷத்தில், சத்தியமாகச் சந்தோஷத்தில்தான், நான் அடுத்ததைக் கேட்டேன்.

“எந்தத் தெரு?”

ஊரைச் சொன்னவரிடம் அடுத்த மூச்சில் தெருவைக் கேட்பது நம் வாய்க்குப் பழக்கம். ஏன் கேட்கிறோம் என்பதே தெரியாத பாவனையில் கேட்போம், ஏன் கேட்கிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். நாக்கைப் பிடுங்கி அந்தக் கடலில் எறிந்திருக்கலாம், எறியவில்லை.

“தெரு ஏதுக்கா நமக்கு. வாய்க்காலுக்கு அந்தாண்ட,” என்றாள் காத்தாயி. பிறகு ஆசையாக, “நீங்க எங்குட்டுக்கா?” என்று கேட்டாள்.

“மேலத்தெரு,” என்றேன். “பெரிய வீடு.”

அவள் என் கையை விட்டாள். நாற்காலியிலிருந்து எழுந்தாள். மூட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, நாலடி பின்னால் போய் நின்றாள். “தெரியாம அக்கான்னுட்டேன் ஆயி,” என்றாள்.

வெராசமி ஓடி வந்தார். “ஏன் எழுந்துவிட்டாள்? கவர்னர் வந்தபோதுகூட இவள் எழுந்ததில்லையே. நீங்கள் என்ன சொன்னீர்கள்?” அவருக்கு நான் என்ன சொல்வேன்? தாத்தாவுக்குத் தாத்தா எதையெல்லாம் கடலில் தொலைத்துவிட்டுக் கரையேறினாரோ அதை நான் பத்திரமாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து இங்கே அவிழ்த்துவிட்டேன் என்றா சொல்வேன்?

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யார் இருப்பார்கள் என்று தெரியாத தமிழன் இன்னும் பிறக்கவில்லை, டெக்சாஸிலும் பிறக்கவில்லை. எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, கிருமிநாசினியும் இரண்டு சொட்டு ஊற்றிக்கொண்டாள். சோபாக் கட்டிலின் ஸ்பிரிங் உடைந்திருப்பது ஒருத்திக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இன்னொருத்தியின் மாமியார் அறையிலேயே பூஜை வைத்திருக்கிறாராம். பால்கனிக்காரியின் பிள்ளைக்குப் பால் வாசனை ஒத்துக்கொள்ளாதாம், அவன் அவள் முந்தானைக்குப் பின்னால் நின்று பனிக்கூழ் தின்றுகொண்டிருந்தான். நாற்பத்திரண்டு குடும்பத்தில் ஒரு வாயிலிருந்தாவது சாதி என்ற சொல் வந்ததா என்றால் வரவில்லை, அவ்வளவு கெட்டிக்காரர்கள் நாங்கள், சட்டம் என்று சொன்னோம், சுகாதாரம் என்று சொன்னோம், இன்ஷூரன்ஸ் என்று சொன்னோம். கதிரேசன் தூணிலிருந்து இறங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “உணர்ச்சிவசப்படாம யோசிக்கணும். நம்ம சங்கக் கட்டடத்து வாசல்ல இவங்களுக்கு ஒரு சிலை வைப்போம். அதுதான் நிரந்தரம்,” என்றார். சிலைக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். சிலைக்குக் கட்டில் வேண்டாம், குளியலறை வேண்டாம், ஒரே மேசையில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டாம். பிறகு எல்லோரும் கடற்கரைக்குக் குளிக்கப் போய்விட்டார்கள்.

நான் போகவில்லை. போகாததைப் பெருமையாகச் சொல்லவில்லை, கால் வரவில்லை, அவ்வளவுதான். மத்தியான வெயிலில் அவள் நின்றுகொண்டே இருந்தாள், நாற்காலி காலியாகவே கிடந்தது, நான் நிற்கும்போது அவள் உட்கார மாட்டாள், நான் உட்கார்ந்தால் தரையில்கூட உட்கார மாட்டாள் என்று எனக்குத் தெரியும், இந்தக் கணக்கெல்லாம் சின்ன வயதிலேயே தலைக்குள் ஏறிவிடுகிறது. நாலு மணிக்கு ரோமெல் கிழிந்த படிவத்தைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். “உங்கள் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறதே, மேடம்,” என்றார்.

முகுந்தன் ஈரத்தலையோடு வந்து சேர்ந்தான். “அம்மா, நீ கொஞ்சம் பேசாம இரு. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? எங்கயோ ஒரு எடத்துக்குன்னா பரவால்ல, நம்ம ஊருக்கே கூட்டிட்டுப் போகணும். யார் வீட்ல எறக்குவ?”

“வாய மூடுடா,” என்றேன். பேனாவை வாங்கினேன், அறை எண்ணை எழுதினேன். எழுதும்போதே, என் வீட்டுக்காரர் படுக்க வேண்டிய மெத்தை, ஒரே குளியலறை, பல் தேய்க்கிற கண்ணாடி டம்ளர் ஒன்றுதான் இருக்கிறது என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது. ஓடவில்லை என்று பொய் சொன்னால் என்னை யார் கேட்கப்போகிறார்கள், ஆனாலும் ஓடியது. அடுத்த கட்டம் உறவு. காலையில் அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். தங்கை என்று எழுத மூன்று எழுத்து. பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது, நின்றுகொண்டே இருந்தது, கப்பல் ஒருமுறை ஊதியது.

காத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆயி,” என்றாள். “அந்த வாய்க்கா இன்னும் இருக்குதா?”

இல்லை, எப்போதோ தூர்ந்துபோய்விட்டது, மேலே ரோடு போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். வங்கியில் முப்பது வருஷம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இந்தப் பொய் வாயில் வரவில்லை.

“இருக்கு,” என்றேன்.

“அந்தாண்ட ஆளு இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அப்ப எம் புள்ள அங்கனதான் கெடக்கும்.”

பிறகு நாலடி முன்னால் வந்தாள், மூட்டையைக் கீழே வைத்தாள், என் முன்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து என் கண்ணைப் பார்த்தாள்.

“அக்கா,” என்றாள். “நான் வரல. நீ போயி எம் புள்ளய இங்க கொண்டாந்து விட்டுரு. இந்த மனுசன் அதுக்கும் ஒரு நாக்காலி போடுவாரு.”

“சரி,” என்றேன். வேறென்ன சொல்வது? ரோமெல் படிவத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் சொன்னதை வெராசமிக்குச் சொன்னேன், அவர் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார், நாங்கள் ஏணியில் ஏறும்போது திரும்பி வந்து, காத்தாயிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நாற்காலியைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்து நாலு மாதமாகிறது. வாய்க்காலுக்குப் பாலம் கட்டி முப்பது வருஷம், பள்ளிக்கூட வேன் போகிறது, எங்கள் கொல்லைக்கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் தெரியும், நடந்தால் ஐந்து நிமிஷம். போகவில்லை. யாரைப் போய்க் கேட்பது, என்ன சொல்லிக் கேட்பது, நூற்றைம்பது வருஷத்துப் பிள்ளையை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று யாராவது கேட்டால், அதற்கு என்னிடம் பதில் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். தினம் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை பாலுக்கு அழுகிறது, எல்லா வீட்டுக்கும் கேட்கும், நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அன்றைக்கே கேட்டேன், அது என்ன என்று கேட்டதற்கு, அது அந்தப் பக்கம் என்று சொன்னார்கள். இன்றைக்கும் அழுதது. எழுந்து போய்க் கொல்லைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.